குறுக்கு வலிக்காரர்களுக்குத் தூக்கம் திரும்ப

"மொதல்ல வலியப் போக்கி விடுங்க தம்பி, தூக்கம் தானா வந்துரும்." கம்பத்தில் நான் பிசியோதெரபி பார்க்கும் அறையில் இந்தப் பேச்சைக் கேட்காத வாரம் கிடையாது. சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள். கருக்கலில் எழுந்து சோறாக்கி, தூக்குப்போணியில் எடுத்துக்கொண்டு, ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து, கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ மலையேறி, கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் வண்டன்மேடு, புற்றடிப் பக்கத்துத் தோட்டங்களில் வேலை பார்த்துவிட்டுப் பொழுது சாய இறங்குகிறவர்கள். ஏலக்காய் உச்சியில் காய்ப்பதில்லை. செடியின் தூரில், தரையோடு படர்ந்து கிடக்கும் சரத்தில் காய்க்கிறது. முற்றிய காயாகப் பார்த்து எடுக்க நாள் முழுக்கக் குனிய வேண்டும், இல்லையென்றால் குத்தவைக்க வேண்டும். இருபது வருஷம் இப்படிக் குனிந்த குறுக்கு ராத்திரியில் சும்மா விடுமா?

நானும் வெகுகாலம் அவர்கள் சொன்னதையே நம்பினேன். வலிக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தேன். தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. வலி ஓரளவு குறைந்த பிறகும் "கண்ணு மட்டும் மூட மாட்டேங்குது" என்று பலர் திரும்பி வந்தபோதுதான் என் தவறு எனக்குப் புரிந்தது. வலி கூட்டி வந்த தூக்கமின்மை, நாள்பட நாள்பட வலியை எதிர்பார்க்காமல் தானே வாழப் பழகிவிடுகிறது. அது தனி நோய். அதற்குத் தனி வைத்தியம் இருக்கிறது, அதில் மாத்திரை கிடையாது. குறுக்கு வலி இருக்கும்போதே அதைத் தொடங்கலாம். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை என்பதால் எழுதுகிறேன்.

வாரத்தில் மூன்று இரவுக்குக் குறையாமல், மூன்று மாதத்துக்கு மேலாக, படுத்தும் தூக்கம் வராமலோ நடுவில் விழித்துக்கொண்டோ அவதிப்பட்டு, அதனால் பகலும் கெட்டால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். இதற்கு முதலில் கொடுக்க வேண்டியது மாத்திரை இல்லை, நடத்தைச் சிகிச்சைதான் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016-இல் பரிந்துரைத்தது. 2017-இல் ஐரோப்பிய வழிகாட்டுதலும் அதையே சொன்னது. தூக்கமின்மைக்கான அறிதல் நடத்தைச் சிகிச்சை என்று இதற்கு நீளமான பெயர், சுருக்கமாக சிபிடி-ஐ. வாரம் ஒரு முறை பார்த்துப் பேசி, நான்கிலிருந்து எட்டு வாரத்தில் முடிகிற வைத்தியம். பெயர் பெரிதாக இருந்தாலும், எப்போது படுப்பது, எப்போது எழுவது, தூக்கம் வராதபோது என்ன செய்வது, அந்த நேரத்தில் மனசு சொல்வதில் எதை நம்புவது என்ற நான்கு கேள்விக்குள் அது அடங்கிவிடும்.

என்னிடம் வரும் ஒரு அக்காவின் கதையோடு சொன்னால் எளிதாக விளங்கும். வயது நாற்பத்தாறு. குறுக்கு வலி ஆறு வருஷமாக. காலையில் 4 மணிக்கு எழுந்தால்தான் ஜீப்பைப் பிடிக்க முடியும். வீடு திரும்பியதும் குறுக்கு கடுக்கிறது என்று இரவு எட்டரைக்கே படுத்துவிடுவார். தூக்கம் வராது. இந்தப் பக்கம் புரண்டால் ஒரு வலி, அந்தப் பக்கம் புரண்டால் ஒரு வலி. பத்தரை, பதினொன்றுக்கு ஒருவழியாகக் கண் அசரும். நடுச்சாமத்தில் விழிப்பு வரும், அப்புறம் விடியும்வரை கோழித்தூக்கம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் "வாரம் பூராத் தூங்கலையே" என்று எட்டு மணிவரை படுத்திருப்பார், மத்தியானமும் ஒரு தூக்கம் போடுவார்.

இதில் எதைக் குற்றம் சொல்வது? வலித்தால் படுப்பதும், தூங்காதவர் ஞாயிற்றுக்கிழமை தூங்குவதும் இயல்புதானே. ஆர்தர் ஸ்பீல்மன் என்ற உளவியலாளர் 1980களில் இதைத்தான் அழகாகப் பிரித்துக் காட்டினார். சிலருக்குப் பிறவியிலேயே லேசான தூக்கம், அது நிலம். வலி, சாவு, கடன் போன்ற ஏதோ ஒன்று தூக்கத்தைக் கெடுக்கிறது, அது விதை. கெட்ட தூக்கத்தைச் சரிசெய்ய நாமே செய்யும் காரியங்கள், சீக்கிரம் படுப்பது, பகலில் தூங்குவது, கட்டன் சாயாவைக் கூட்டுவது எல்லாம் தண்ணீர். நிலத்தையும் விதையையும் உடனே மாற்ற முடியாது. தண்ணீரை இன்றைக்கே நிறுத்தலாம்.

அந்தக் காரியங்கள் ஏன் கெடுதலாகின்றன என்று தெரிந்துகொண்டால்தான் பின்னால் வரும் விதிகள் கொடுமையாகத் தெரியாது. தூக்கத்தை இரண்டு சக்திகள் நடத்துகின்றன என்று சுவிட்சர்லாந்தின் தூக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி 1982-இல் விளக்கினார். ஒன்று தூக்கப் பசி. விழித்திருக்கும் ஒவ்வொரு மணியும் அது ஏறுகிறது, தூங்கத் தூங்க இறங்குகிறது. சோற்றுக்கு முன்னால் முறுக்கைக் கொறித்த பிள்ளை இலையில் உட்கார்ந்து அளைந்துகொண்டிருப்பதைப் போல, மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்கியவர் ராத்திரி பாயில் அளைகிறார். சாயாவிலும் காப்பியிலும் உள்ள கஃபீன் இந்தப் பசியை மறைத்துவிடும். குடித்ததில் பாதி உடம்பை விட்டுப் போகவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். மலையிலிருந்து இறங்கும் வழியில் ஐந்து மணிக்குக் குடித்த சாயா பத்து மணிக்கும் உள்ளே இருக்கிறது. இரண்டாவது சக்தி உடம்பின் கடிகாரம். தினமும் ஒரே நேரத்தில் எழுந்து வெளிச்சத்தைப் பார்த்தால் அது ஒழுங்காக ஓடும். ஆறு நாள் 4 மணிக்கும் ஏழாம் நாள் 8 மணிக்கும் எழுந்தால் அதற்குக் குழப்பம்தான்.

வலிக்கும் தூக்கத்துக்கும் உள்ள உறவு ஒருவழிப் பாதை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். வலி தூக்கத்தைக் கெடுக்கிறது, அது உண்மை. தூக்கமும் வலியைக் கெடுக்கிறது. நம் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வலியைத் தணிக்கிற ஏற்பாடு ஒன்று உண்டு. விட்டுவிட்டுத் தூங்கினால் அந்த ஏற்பாடு சோர்ந்துபோவதை நலமாக இருப்பவர்களை வைத்துச் செய்த சோதனைகளிலேயே கண்டிருக்கிறார்கள். நேற்று பொறுத்த அதே வலி இன்றைக்குப் பொறுக்க முடியாததாகிறது. ஆட்களை மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், இன்றைய வலி நாளைய தூக்கத்தைக் கெடுப்பதைவிட, கெட்ட தூக்கம் பின்னால் வரும் வலியை இன்னும் உறுதியாகச் சொல்கிறது. "மொதல்ல வலி, அப்புறம் தூக்கம்" என்ற வரிசையை நான் கைவிட்டது இதைப் படித்த பிறகுதான்.

இனி வைத்தியம். முதல் வேலை ஒரு நோட்டு. அந்த அக்காவின் மகள் பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறாள், அவள் எழுதிக் கொடுத்தாள். படுத்தது எத்தனை மணி, சுமாராகக் கண் அசந்தது எப்போது, நடுவில் எத்தனை முறை விழிப்பு, எழுந்தது எப்போது, வலிக்குப் பத்துக்கு எத்தனை. ராத்திரி கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது, காலையில் தோராயமாகச் சொன்னால் போதும். ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டு ஒரு வாரக் கணக்கைப் பார்த்தபோது, ஒரு ராத்திரிக்குப் பாயில் கிடந்தது ஏழரை மணி நேரம், தூங்கியது ஐந்து மணி நேரம் என்று வந்தது. ஐந்தை ஏழரையால் வகுத்தால் நூற்றுக்கு 67. இதைத் தூக்கத் திறன் என்கிறார்கள். 85-க்கு மேல் இருந்தால் நல்லது. "நான் கண்ணையே மூடலேன்னுல்ல நெனச்சேன், அஞ்சு மணி நேரமா தூங்கியிருக்கேன்?" என்று அந்த அக்கா கேட்டார். விழித்துக் கிடந்த நேரம்தான் நமக்கு ஞாபகத்தில் நிற்கும், தூங்கிய நேரம் நிற்காது. நோட்டின் முதல் பலனே அதுதான்.

அடுத்ததுதான் கேட்டவுடன் எல்லோரும் முறைக்கிற விதி. பாயில் இருக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும். ஐந்து மணி நேரம்தான் தூக்கம் வருகிறதென்றால் ஐந்தரை மணி நேரத்துக்கு மட்டுமே பாய். எழும் நேரத்தை அசைக்கக் கூடாது, அதிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். 4 மணிக்கு எழ வேண்டியவர் பத்தரைக்கு முன்னால் படுக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமையும் 4 மணிதான், மத்தியானத் தூக்கம் கிடையாது. எத்தனை குறைவாகத் தூங்கினாலும் பாயில் இருக்கும் நேரத்தை ஐந்து மணி நேரத்துக்குக் கீழே கொண்டுபோவதில்லை. முதல் வாரம் கஷ்டம்தான், அதை மறைக்க மாட்டேன். "தூக்கம் இல்லாதவளப் பாத்து இன்னும் முழிச்சிருங்குறீங்களே" என்று அந்த அக்கா கோபித்துக்கொண்டார். ஆனால் தூக்கப் பசி ஏறி, பத்தரைக்குப் பாயில் விழுந்தால் கண் தானாகச் சொருகும். முறிந்து முறிந்து பரவிக் கிடந்த தூக்கம் ஒன்றாகத் திரளும். வார முடிவில் நோட்டைப் பார்த்துத் திறன் 85 தாண்டியிருந்தால் 15 நிமிஷம் கூட்டிக் கொடுப்போம். அந்த அக்காவுக்கு முதல் வாரம் ஐந்தரை மணியில் நான்கு மணி ஐம்பது நிமிஷம் தூக்கம், நூற்றுக்கு 88. மறுவாரம் பத்தேகாலுக்குப் படுக்கச் சொன்னேன். இப்படிக் கால் கால் மணியாக நகர்ந்து ஒன்பதரைக்கு வந்து நின்றார். 80-க்குக் கீழே இறங்கினால் திரும்பக் கொஞ்சம் குறைக்க வேண்டும்.

பத்தரைவரை வலியோடு எப்படி விழித்திருப்பது என்ற கேள்வி நியாயமானது. பொதுவாகத் தூக்கமின்மைக்குச் சொல்லும் யோசனைகளை அப்படியே குறுக்கு வலிக்காரரிடம் சொன்னால் உடைந்துபோகும் இடம் இதுதான். சாயங்காலம் குறுக்கை நீட்டி வைக்காமல் முடியாது என்றால் நீட்டலாம். ஆனால் தூங்கும் பாயில் வேண்டாம். வேறு இடத்தில் ஒரு ஜமுக்காளத்தை விரித்து, முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து, கண்ணைத் திறந்தபடி கால் மணி நேரம், அதுவும் ஏழு மணிக்கு முன்னால். அப்புறம் எழுந்து தெருவில் ஒரு நடை, அல்லது குறுக்குக்கு வெந்நீர் ஒத்தடம். எட்டிலிருந்து பத்தரைவரை உட்கார்ந்தே இருக்காமல் அரைமணிக்கு ஒரு தரம் எழுந்து இரண்டு நிமிஷம் நடந்தால் குறுக்கு விறைக்காது. இளைப்பாற ஓர் இடம், தூங்க ஓர் இடம் என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அந்தப் பிரிவின் அருமையை 1972-இல் ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் கண்டு சொன்னார். படுக்கையில் தூக்கம் வராமல் பல நூறு இரவு போராடியவருக்குப் படுக்கையே போராட்டக்களமாகப் பதிந்துவிடுகிறது. டி.வி. முன்னால் உட்கார்ந்து தலை தொங்கத் தூங்குகிறவர், பாயில் படுத்ததும் விழித்துக்கொள்வது இதனால்தான். மாற்றுவதற்கு அவர் சொன்னவை: தூக்கம் சொக்கினால் மட்டும் படுக்கைக்குப் போ, படுக்கையில் தூக்கத்தையும் தாம்பத்தியத்தையும் தவிர வேறெதுவும் வேண்டாம், கால் மணி இருபது நிமிஷம் ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்துக்குப் போய்ச் சொக்கும்போது திரும்பு. படிக்கும்போது எனக்கு எங்கள் அம்மாச்சி ஞாபகம்தான் வந்தது. விடிந்ததும் பாயைச் சுருட்டி மூலையில் சாத்திவிடுவார். பகலில் பாய் விரித்தால் "யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்று கேட்பார். கட்டில் வந்தபிறகு அது பகலிலும் விரிந்தே கிடக்கிறது. சாப்பாடும் அதிலே, போனும் அதிலே, பிள்ளைகள் வீட்டுப்பாடமும் அதிலே. இன்னும் பாயில் படுக்கிறவர்கள் காலையில் அதைச் சுருட்டி வைப்பதை விட்டுவிடாதீர்கள்.

எழுந்து போ என்று சொல்வதும் வலிக்காரருக்கு லேசானதில்லை. ஒற்றை அறை வீட்டில் நாலு பேர் வரிசையாகப் படுத்திருக்க, இருட்டில் குறுக்கைப் பிடித்துக்கொண்டு தரையிலிருந்து எழுவது பெரும்பாடு. எழ முடிகிறவர்கள் முன்கூட்டியே சுவரோரம் ஒரு நாற்காலி போட்டு வைக்கலாம், சின்ன விளக்கு போதும். முடியாதவர்கள் அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தூங்கும் முயற்சியை விட்டுவிட்டு, மெதுவாக மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருக்கலாம். பாட்டுக் கேட்கலாம், போனைப் பார்க்காமல். தூக்கத்தைத் துரத்துவதை நிறுத்துவதுதான் இதில் முக்கியம்.

மனசு சொல்லும் வார்த்தைகளுக்கு வருவோம். ராத்திரி இரண்டு மணிக்கு விழித்த ஒருவர் என்ன நினைப்பார்? "இன்னைக்கும் தூங்கலேன்னா நாளைக்கு மலையேற முடியாது, கூலி போயிரும்." இது வெறும் கற்பனை என்று சொல்ல எனக்கு வாய் வராது. கூலி போனால் வீடு நடக்காது. ஆனால் நோட்டை வைத்துச் சரிபார்க்கலாம். அந்த அக்கா நான்கு வாரத்தில் மிக மோசமாகத் தூங்கியது ஒன்பது இரவு. மறுநாள் வேலைக்குப் போகாதது ஒரு நாள், அதுவும் உறவில் ஒரு சாவுக்கு. தானே சொல்லி மகள் எழுதிய கணக்கு என்பதால் அதை நம்பினார். கடன், கல்யாணச் செலவு என்று உண்மையான கவலைகள் இருந்தால் சாயங்காலம் பதினைந்து நிமிஷம் உட்கார்ந்து நோட்டில் எழுதி, நாளைக்கு அதற்குச் செய்யப்போகும் ஒரு காரியத்தையும் பக்கத்தில் எழுதி மூடிவிடச் சொல்கிறோம். சாமத்தில் அது திரும்ப வந்தால் "எழுதியாச்சு" என்று சொல்லிக்கொள்ள ஒரு பதில் இருக்கும்.

இன்னொரு பயம் ஸ்கேன் காகிதத்திலிருந்து வருகிறது. "எலும்பு தேஞ்சுபோச்சாம், ஜவ்வு வெலகிருச்சாம், ராத்திரி வலிக்கும்போதெல்லாம் இன்னும் தேயுதுன்னு தோணுது." வலியே இல்லாத ஆட்களை ஸ்கேன் எடுத்த ஆய்வுகளை 2015-இல் தொகுத்தார்கள். இருபது வயதுக்காரர்களிலேயே நூற்றுக்கு 37 பேருக்கு முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு வட்டில் தேய்மானம் தெரிந்தது, எண்பது வயதில் 96 பேருக்கு. நரை விழுவதைப் போல வயதோடு வருவது அது. இராத்திரி வலி கூடுவதாலேயே உள்ளே சேதம் கூடுகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இதைச் சொன்ன பிறகு சிலர் முகம் தெளிவதை நான் பார்த்திருக்கிறேன்.

பகல் வேலையும் இராத்திரியோடு சேர்ந்ததுதான். வலி குறைந்த நாளில் துணி, விறகு, வீடு கழுவுவது என எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்வது, மறுநாள் எழ முடியாமல் பகலெல்லாம் படுப்பது, படுத்ததால் ராத்திரித் தூக்கம் போவது என்று ஒரு சுழல் உண்டு. வலி சொல்லும்வரை வேலை செய்யாமல், கடிகாரம் சொல்லும்போது நிறுத்தப் பழக வேண்டும். வீட்டு வேலையில் அரைமணிக்கு ஒரு முறை நிமிர்ந்து நடக்கலாம். தோட்டத்தில் கங்காணி கண் முன்னால் அப்படி நிற்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகும்போது நிமிர்ந்து, இடுப்பில் கைவைத்து இரண்டு மூச்சு விடுவது யார் கண்ணையும் உறுத்தாது.

மெத்தையைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. குறுக்கு வலிக்குக் கட்டாந்தரையும் பலகையும்தான் நல்லது என்பது நம் ஊர் நம்பிக்கை. ஸ்பெயினில் 313 பேரை வைத்து நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வில், கெட்டி மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தைக்காரர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. பாயில் படுக்கிறவர்கள் அடியில் ஒரு ஜமுக்காளமோ போர்வையோ மடித்துப் போட்டுப் பார்க்கலாம், பல ஆயிரம் கொடுத்து மெத்தை வாங்க வேண்டாம். இடுப்பு பெல்ட்டும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், நாள்பட்ட குறுக்கு வலிக்குப் பெல்ட்டையும் இழுவைச் சிகிச்சையையும் பரிந்துரைக்கவில்லை. உடற்பயிற்சியையும் அறிதல் நடத்தைச் சிகிச்சையையும் பரிந்துரைத்திருக்கிறது.

சிலர் இந்தப் பாய் நேரம் குறைக்கும் முறையைத் தாங்களாகத் தொடங்கவே கூடாது. ஜீப் ஓட்டும் அண்ணன்மார் முதலில். முதல் இரண்டு வாரம் பகலில் கண் அசத்தும், கொண்டை ஊசி வளைவில் அது உயிர் விஷயம். வலிப்பு நோய் உள்ளவர்கள், மனசு அளவுக்கு மீறிப் பொங்கியும் தாழ்ந்தும் போகும் இருமுனை நோய் உள்ளவர்கள், தூக்கத்தில் நடப்பவர்கள், பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்றுபோகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். வயதானவர்களுக்கு ஒரேயடியாகக் குறைக்காமல் வாரம் கால் மணி அரைமணியாகக் குறைக்கும் மென்மையான முறை இருக்கிறது. தூக்க மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று விட்டால் தூக்கம் முன்னைவிடக் கெடும், வலிப்புகூட வரலாம். எழுதிக் கொடுத்த மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

எல்லா இராத்திரி வலியும் நான் சொன்ன வகையில் சேராது. சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போவது, தொடை இடுக்கு மரத்துப்போவது, கால் வலுவிழப்பது இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தது என்றாலும் தாமதிக்கக் கூடாது. நாற்பது வயதுக்குள் தொடங்கிய வலி, படுத்தால் கூடி நடந்தால் குறைந்து, காலையில் அரைமணிக்கு மேல் விறைப்பு நின்றால் அது முதுகெலும்பு மூட்டு அழற்சியாக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு.

நோட்டு எழுதுவதையும் எழும் நேரத்தை நிலைப்படுத்துவதையும் யாரும் தானே தொடங்கலாம். மற்றதற்கு அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கேளுங்கள். பைத்தியத்துக்குப் பார்க்கும் இடம் என்று தயங்க வேண்டாம், தூக்கமும் அவர்கள் வேலைதான். 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவியின் எண் 14416. மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இலவசம், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

வலி குறையுமா என்றால், ஆசை காட்ட எனக்கு விருப்பமில்லை. கழுத்து, முதுகு வலி உள்ளவர்களிடம் இந்தச் சிகிச்சையைச் சோதித்து 2010-இல் வெளிவந்த ஆய்வில் தூக்கம் தெளிவாக முன்னேறியது, வலியின் அளவு பெரிதாக மாறவில்லை. ஆனால் வலி அன்றாடத்தில் குறுக்கிடுவது குறைந்தது. அந்த அக்காவின் நோட்டிலும் அதையேதான் பார்த்தேன். வலிக்குப் போட்ட மதிப்பெண் ஆறிலிருந்து ஐந்துக்கு வந்தது, அதற்குக் கீழே இறங்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை படுத்தே கழித்தவர் மகளோடு சந்தைக்குப் போய் வந்ததாகச் சொன்னார்.

ஏலக்காய் எடுப்பு மும்முரமானபோது வலி ஏறி, மறுபடி நாலு நாள் தூக்கம் கெட்டது. பழைய ஆளாக இருந்தால் எட்டரைக்கே படுத்திருப்பார். இந்த முறை மகளைக் கூப்பிட்டு நோட்டை எடுக்கச் சொல்லி, படுக்கும் நேரத்தைப் பத்தரைக்குத் தள்ளிவிட்டுத்தான் எனக்குப் போன் செய்தார்.